கழித்தது போக

சேர்ந்த அன்று டாக்டர் நேசபாய் சொன்னது இரண்டே விஷயம்:
தாளுக்குக் கரி ஏற்றும்போது மூச்சை அடக்கு.
ஊசி ஓடும்போது தும்மாதே.

வேளிமலையின் வயிற்றில் பத்தடிக்குப் பத்தடி அறை.
கருங்கல் தரை, நடுவில் சுழலும் உருளை.
மண்ணெண்ணெய்ப் புகையில் கறுத்த தாளை
தினம் காலையில் சுற்றிவைப்பேன்.
ஊசி கீறிய இடம் வெள்ளையாகும்.
பூமி எழுதுகிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.
"எழுதவொண்ணும் இல்ல, சொறியுதாக்கும்" என்றார்.

அறுபத்தொன்பதில் அவருக்கு நேர்முகத் தேர்வு.
மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர்.
மலையில் ராத்திரி ஒரு பெண் தனியாக எப்படி?
"பூமிக்கு ராத்திரி லீவு உண்டா சார்?"
வேலையைக் கொடுத்தார்கள்.
கழிப்பறையைக் கொடுக்கப் பதினோரு வருடம் ஆனது.

சுங்கான்கடைச் சூளையில்
பானையைச் சுண்டி உள்விரிசல் சொல்லும் பெண்களிடம்
காது பழகியவர்.
அதிகம் ஆடாத மூலையில்
ஆடுவதைக் காத்திருந்து பார்க்கும் வேலை.
சும்மா இருக்காத ஊசிக்கு மற்றதெல்லாம் கேட்டது.
ஆடியில் முட்டத்துப் பாறையில் கடல் மோதினால்
கோடு தடித்துவிடும்.
தக்கலைக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் லாரி
ஒரு சின்னச் சுருக்கம்.
மதியம் ஒன்று பத்துக்குக் கல்குவாரி.

"வெடி மொத வார்த்தையிலேயே கத்தும்.
பூகம்பம் ரெண்டாவது வார்த்தையிலதான் கத்தும்.
வித்தியாசம் அவ்வளவுதான்."
சிவப்புப் பென்சிலால் 'வெ' என்று போட்டுக்
கணக்கிலிருந்து கழிப்போம்.
கழித்தது போக மிஞ்சிய நூற்றுச் சொச்சம் கீறல்களை வைத்து
மலையடிவாரத்தில் உறங்கும் பிளவு ஒன்று உண்டு என்று எழுதினார்.
ஏழு வருடம் சிரித்தார்கள்.
எட்டாம் வருடம் அவர் பெயரை விட்டுவிட்டு
மேற்கோள் காட்டினார்கள்.

எப்போ வரும் மேடம் என்று பத்திரிகைக்காரர்கள்.
"நான் தபால்காரியாக்கும். வந்த கடுதாசியத்தான் குடுக்க முடியும்."

அந்த ஞாயிறு,
கிறிஸ்துமஸுக்கு மறுநாள், காலை ஆறரை தாண்டி
ஊசி தாளைத் தாண்டிப் போய் உருளையைக் கீறியது.
நான் ஓடிப்போய் எழுப்பினேன்.
பல்கூடத் தேய்க்காமல் அட்டவணையை விரித்தார்.
இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர், தென்கிழக்கு.
கணக்கு சரி. நொடி பிசகாத கணக்கு.
பதிவேட்டில் அவர் கையெழுத்தில்:
'தொலைவு. இங்கே பாதிப்பு இல்லை.'
பிறகு கட்டன்சாயா குடித்தோம்.

மூன்றரை மணி நேரம் இருந்தது நம்மிடம்,
என்றார் பிறகொரு நாள்.
குளச்சலில் குழி வெட்ட ஆள் போதவில்லை என்று
போய் நின்றவர், திரும்பிவந்து
அந்த வரியை அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.
ஆனால் அதற்குப் பின் எந்தப் பக்கத்திலும்
'இல்லை' கிடையாது.
'தெரியவில்லை' என்றே எழுதினார்,
ஓய்வுபெறும் நாள் வரை.

ஓய்வில் என்ன செய்தார் தெரியுமா?
கழித்ததையெல்லாம் திரும்ப எடுத்தார்.
முப்பத்தாறு வருடத்து 'வெ'.
எந்தத் திசை, எவ்வளவு மருந்து,
எந்தப் பாறை எந்த மாதத்தோடு நின்றுபோனது.
தரையில் தாள்களைப் பரப்பி முழங்காலிட்டு
உருப்பெருக்கியால் இரண்டு வருடம் பார்த்தார்.
கலெக்டர் ஆபீஸ் விசாரணையில்
பதினொரு குன்றுகளின் பெயரை வாசித்தார்.
அதிகாரி கேட்டார்:
அம்மா, இது பூகம்பமா?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே
"நாந்தான் இல்லைன்னு கழிச்சேன்" என்றார்.

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.
குவாரி எங்கள் அறைக்கு நானூறு மீட்டர் வரை வந்தது.
கருவியைப் பெட்டியில் அடைத்து எங்கோ அனுப்பினார்கள்.
அவர் அடக்கத்துக்கு வந்தவர்களில்
பாதிப்பேர் சூளைக்காரர்கள்.

இப்போது வில்லுக்குறி சாயாக்கடையில் உட்காருகிறேன்.
கிளாஸில் ஒரு வட்டம் கிளம்பி விளிம்பைத் தொடுகிறது.
மணியைப் பார்க்கிறேன்.
ஒன்று ஒன்பது.
கடிகாரம்தான் பிந்தியிருக்கும்.